கூடலூர் ஜென்ம நிலச் சட்டமும் ஒன்பதாவது அட்டவணையும்: கோயல்ஹோ வழக்கு முழுமையாக

நாடுகாணி சுரத்தில் இறங்கும் சாலை வழிக்கடவைத் தாண்டி நிலம்பூர் போகிறது. சுரத்துக்கு மேலே தேவாலா, பந்தலூர், சேரம்பாடி, ஓவேலி எல்லாம் சேர்ந்த கூடலூர் மலைநாடு. 1877-ல் தென்கிழக்கு வயநாட்டை மலபார் மாவட்டத்திலிருந்து எடுத்து நீலகிரியோடு சேர்த்தார்கள். நிர்வாகம் மாறியது, நில உரிமை மட்டும் மலபார் வழக்கப்படியே இருந்தது. மண்ணும் மரமும் ஜென்மிக்குச் சொந்தம். பயிர் செய்பவர் அவரிடம் பாட்டத்துக்கு எடுத்தவர். இங்கே பெரிய ஜென்மி நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பம். தேயிலை, காபி, ஏலக்காய் எஸ்டேட்டுகள் பலவும் கோவிலகத்திடம் நீண்டகாலப் பாட்டத்தில் வாங்கிய நிலத்தில் எழுந்தவைதான்.

இந்த நிலத்துக்காகத் தமிழ்நாடு சட்டமன்றம் இயற்றிய ஒரு சட்டம், நாடாளுமன்றம் செய்யும் அரசியலமைப்புத் திருத்தத்தையே உச்ச நீதிமன்றம் எந்த அளவுகோலால் அளக்கலாம் என்ற கேள்வியாக வளர்ந்து, ஒன்பது நீதிபதிகள் முன் போய் நின்றது. சட்டக் கல்லூரிகளில் அதை ‘ஐ.ஆர். கோயல்ஹோ எதிர் தமிழ்நாடு அரசு’ என்று படிக்கிறார்கள். கூடலூர் பஜாரில் கோயல்ஹோ என்றால் பலருக்குத் தெரியாது. ‘செக்‌ஷன் 17 நிலம்’ என்றால் குழந்தைக்கும் தெரியும். இரண்டும் ஒரே சட்டத்தின் பிள்ளைகள்.

இந்தத் தீர்ப்பைப் பற்றி இரண்டு தவறான பேச்சு நிலவுகிறது. அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையை, அதாவது தன்னில் சேர்த்த சட்டங்களை அடிப்படை உரிமை வழக்குகளிலிருந்து காக்கும் பட்டியலை, உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கிவிட்டது என்பது ஒன்று. எஸ்டேட்காரர்கள் வென்றுவிட்டார்கள் என்பது இன்னொன்று. இரண்டுமே நடக்கவில்லை. பூட்டியிருந்த கதவொன்று திறந்தது, அவ்வளவே. திறந்த கதவு வழியாக உள்ளே போனவர்கள் 2010-ல் தோற்றும் போனார்கள். கதவு திறந்ததற்கும் வழக்கு ஜெயித்ததற்கும் உள்ள இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால்தான், சட்டமியற்றுவோர் மீது நீதிமன்றம் போடும் கடிவாளம் எப்படி வேலை செய்கிறது என்பது புரியும்.

சட்டம் என்ன சொன்னது

கூடலூர் ஜென்ம எஸ்டேட்டுகள் (ஒழிப்பு மற்றும் ரயத்துவாரியாக மாற்றுதல்) சட்டம், 1969. தமிழ்நாட்டின் அந்த ஆண்டுச் சட்டங்களில் 24-வது. இது கைவைத்த பரப்பு ஏறத்தாழ 80,000 ஏக்கர்.

சட்டத்தின் உயிர்நாடி 3-வது பிரிவு. குறித்த நாளிலிருந்து ஜென்மியின் உரிமை முழுவதும் வில்லங்கமில்லாமல் அரசுக்குப் போய்விடும் என்கிறது அது. என்னென்ன போகும் என்று ஒரு நீண்ட பட்டியலும் போடுகிறது: பொது நிலம், புறம்போக்கு, தரிசு, மேய்ச்சல் நிலம், காடு, கனிமம், கல்குவாரி, ஆறு, ஓடை, குளம் என்று. வழக்கு முழுவதும் இந்தப் பட்டியலில் ‘காடு’ என்ற ஒரு சொல்லின் மீதுதான் நடந்தது.

அடுத்து 8, 9, 10-வது பிரிவுகள். தானே பயிர் செய்த ஜென்மிக்கும், குத்தகையாளருக்கும், நேரடியாக உழைத்துப் பயிரிட்டு வந்த மற்றவர்களுக்கும் ரயத்துவாரிப் பட்டா, அதாவது இடையில் ஜென்மி இல்லாமல் அரசிடம் நேரடியாக நிலம் வைத்திருக்கும் பட்டா, கொடுக்க இவை வழி செய்தன. 17-வது பிரிவு தோட்டப்பயிர்ப் பாட்டங்களுக்கு. பாட்டம் உடனே முடிந்துவிடாது. ஜென்மி இருந்த இடத்தில் அரசு வந்து உட்காரும். பொதுநலன் கருதி முடித்துக்கொள்ளலாம் என்று அரசு நினைத்தால் நோட்டீஸ் கொடுத்து முடிக்கலாம். ‘நினைத்தால்’ என்ற இந்த இடத்தில்தான் கூடலூரின் அரை நூற்றாண்டு வேதனை தொங்கிக்கொண்டிருக்கிறது. எஸ்டேட் பாட்ட நிலத்துக்குள்ளும் அதன் ஓரத்திலும் குடியேறியவர்கள் ஏராளம். தோட்டத் தொழிலாளிகள், 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்கள், கீழ்நாட்டிலிருந்து சிறு விவசாயத்துக்கு ஏறி வந்தவர்கள் எல்லாரும் அதில் அடக்கம். நிலத்தின் நிலை முடிவாகாததால் அவர்களுக்குப் பட்டா இல்லை. பட்டா இல்லாததால் மின் இணைப்பும் வீட்டுக்கடனும் எட்டாக்கனியாயின.

1972: ஒரு சொல் வெட்டப்பட்டது

எஸ்டேட் நிறுவனங்கள் உச்ச நீதிமன்றம் போயின. பால்மாடீஸ் பிளான்டேஷன்ஸ் எதிர் தமிழ்நாடு அரசு என்ற அந்த வழக்கில் 1972-ல் தீர்ப்பு வந்தது. தீர்ப்பைப் புரிந்துகொள்ள அரசியலமைப்பின் 31-ஏ உறுப்பு தெரியவேண்டும். ‘எஸ்டேட்’ வகை நிலவுரிமையை அரசு எடுத்துக்கொள்ளும் சட்டத்தை, சமத்துவ உரிமையையும் சொத்துரிமையையும் காட்டித் தாக்க முடியாதபடி அது பாதுகாக்கிறது. ‘எஸ்டேட்’ என்ற வரையறைக்குள் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் உள்ள ஜென்ம உரிமை பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆனால் பாதுகாப்பு வேண்டுமென்றால், எடுத்துக்கொள்வது வேளாண் சீர்திருத்தத்துக்காக இருக்கவேண்டும்.

ஜென்ம முறையை ஒழித்து உழுபவருக்குப் பட்டா தருவது வேளாண் சீர்திருத்தம்தான் என்று நீதிமன்றம் ஏற்றது. காட்டை அரசு எடுத்துக்கொள்வதில் உழுபவருக்கு என்ன வருகிறது? அந்தக் காடு யாருக்குப் பிரித்துத் தரப்படும், எந்தப் பயிருக்குப் பயன்படும் என்று சட்டத்தில் எதுவும் இல்லை. ஆகவே காட்டைப் பொறுத்தவரை மட்டும் 31-ஏ பாதுகாப்பு கிடையாது, அந்த அளவில் 3-வது பிரிவு செல்லாது என்றது தீர்ப்பு. மீதிச் சட்டம் நின்றது.

சட்டமன்றத்தின் மீது நீதிமன்றம் போடும் சாதாரணக் கடிவாளம் இது. எல்லா நீதிமன்றமும் எல்லா ஆண்டும் செய்வது. சட்டத்தை முழுவதும் தூக்கி எறியாமல், பழுதான பகுதியை மட்டும் அறுத்தெடுப்பதும் வழக்கமான முறையே. கதை இத்தோடு முடிந்திருந்தால் கூடலூர் ஒரு அடிக்குறிப்பாக இருந்திருக்கும்.

1974: நாடாளுமன்றம் திருப்பி எழுதியது

1974 செப்டம்பரில் 34-வது அரசியலமைப்புத் திருத்தம் வந்தது. பல மாநிலங்களின் 20 நிலச் சட்டங்களை ஒன்பதாவது அட்டவணையில் 67 முதல் 86 வரை வரிசையாகச் சேர்த்தது. கூடலூர் ஜென்மச் சட்டம் அதில் ஒன்று. பால்மாடீஸ் தீர்ப்பு அறுத்தெடுத்த பகுதியோடு சேர்த்து, முழுச் சட்டமும் உள்ளே போனது. அதே ஆண்டு நவம்பர் 27-ல் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

ஒன்பதாவது அட்டவணை 1951-ல் முதல் திருத்தத்தோடு பிறந்தது. அப்போது அதில் 13 சட்டங்கள். இன்று 284 வரை எண்ணியிருக்கிறார்கள். அதற்குக் காவல் நிற்பது 31-பி உறுப்பு. அட்டவணையில் உள்ள எந்தச் சட்டமும் அடிப்படை உரிமைகளுக்கு முரண் என்ற காரணத்தால் செல்லாததாகாது என்கிறது. அத்தோடு நிற்காமல், எப்போதாவது செல்லாததாகியிருந்தாலும் ஆகவில்லை என்றே கருதப்படும், எந்த நீதிமன்றத் தீர்ப்பு எப்படி இருந்தாலும் சரி என்கிறது. இந்தப் பின்பாதிதான் கூர்மையானது. நீதிமன்றம் செத்ததாக அறிவித்த பிரிவு, அட்டவணையில் ஏறிய நொடியில் பிறந்த நாளிலிருந்தே உயிரோடு இருந்ததாக ஆகிவிடும். மாநிலச் சட்டமன்றம் நேரடியாக இப்படி ‘தீர்ப்பு செல்லாது’ என்று எழுதினால் அது அதிகார அத்துமீறல் என்று அன்றே தள்ளுபடியாகும். நாடாளுமன்றம் அரசியலமைப்பைத் திருத்தும் அதிகாரத்தைக் கொண்டு எழுதியதால் அது வேறு தளத்துக்குப் போய்விட்டது.

நியாயமாகப் பார்த்தால் அட்டவணைக்கு ஒரு காரணம் இருந்தது. ஜமீன் ஒழிப்புச் சட்டங்களை நிலவுடைமையாளர்கள் மாநிலம் மாநிலமாக வழக்குப் போட்டு முடக்கிக்கொண்டிருந்த காலம் அது. மலைக்குக் கீழே கேரளத்திலும் அதே பாடு. அந்த மாநிலத்தின் 1961-ஆம் ஆண்டு வேளாண் உறவுச் சட்டத்தை, காசர்கோடு, ஹோஸ்துர்க் பகுதி ரயத்துவாரி நிலங்களைப் பொறுத்து உச்ச நீதிமன்றம் 1961 டிசம்பரில் வெட்டியது. அதன் பின்விளைவுகளில் ஒன்றுதான் அட்டவணையில் மேலும் நிலச் சட்டங்களைச் சேர்த்த 1964-ன் 17-வது திருத்தம். நிலம் இல்லாதவருக்கு நிலம் சேரவேண்டும் என்பவர்கள் அட்டவணையை ஒரு கேடயமாகவே பார்த்தார்கள். அந்தப் பார்வையில் உண்மை இருக்கிறது. ஆனால் நிலச் சட்டத்துக்கென்று செய்த கேடயத்துக்குள் நிலத்தோடு சம்பந்தமில்லாத சட்டங்களும் போகத் தொடங்கின. நெருக்கடி நிலைக் காலத்தில் பத்திரிகைகளைக் கட்டுப்படுத்தும் சட்டம்கூட உள்ளே போய், பிறகு வெளியே எடுக்கப்பட்டது.

1973 ஏப்ரல் 24 என்ற கோடு

34-வது திருத்தத்துக்குப் பதினாறு மாதம் முன்னால் ஒரு தேதி இருக்கிறது. காசர்கோட்டு எடநீர் மடத்தின் தலைவர் கேசவானந்த பாரதி, கேரள நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் திருத்தங்களை எதிர்த்துப் போட்ட வழக்கில், 13 நீதிபதிகள் 68 நாள் வாதம் கேட்டு 1973 ஏப்ரல் 24-ல் தீர்ப்பளித்தார்கள். அடிப்படை உரிமைகள் உட்பட எந்தப் பகுதியையும் நாடாளுமன்றம் திருத்தலாம், ஆனால் அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை, அதாவது அதன் அடையாளமாக நிற்கும் தத்துவங்களை, குலைக்க முடியாது. ஏழுக்கு ஆறு.

அதற்கு முன்னால் அட்டவணையில் ஏறியவை தப்பின, பின்னால் ஏறியவை அடிப்படைக் கட்டமைப்புச் சோதனைக்கு உட்பட்டவை என்று வாமன் ராவ் வழக்கில் 1980-களின் தொடக்கத்தில் ஐந்து நீதிபதிகள் கோடு கிழித்தார்கள். பீம் சிங்ஜி வழக்கில், அட்டவணையில் இருந்த நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டத்தின் 27(1) பிரிவே வெட்டப்பட்டது. ஆனாலும் குழப்பம் தீரவில்லை. அட்டவணையில் ஏறிய சட்டம் ஒரு அடிப்படை உரிமையை மீறுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த மீறலே அடிப்படைக் கட்டமைப்பைக் குலைத்ததாகுமா, அல்லது உரிமை மீறல் வேறு, கட்டமைப்புக் குலைவு வேறா? 31-பி உரிமை மீறல் என்ற வாதத்தை அடைக்கிறது என்றால், கட்டமைப்பைக் குலைத்ததா என்று பார்க்க எதை எடுத்து அளப்பது?

இந்தக் கேள்விக்கு உரைகல்லாக அமைந்தது கூடலூர்ச் சட்டம். ஏனென்றால் இங்கே ஊகம் இல்லை. ஒரு பகுதி உரிமையை மீறுகிறது என்று உச்ச நீதிமன்றமே தீர்ப்பு எழுதியிருக்கிறது; அந்தப் பகுதியை நாடாளுமன்றம் கோட்டுக்குப் பின்னால் அட்டவணையில் சேர்த்திருக்கிறது. மேற்கு வங்க நிலவரிச் சட்டம் ஒன்றும் இதே போல வந்திருந்தது: கல்கத்தா உயர் நீதிமன்றம் 2(சி) பிரிவை வெட்டியது, 66-வது திருத்தம் முழுச் சட்டத்தையும் அட்டவணையில் ஏற்றியது. 1999 செப்டம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, வாமன் ராவில் உள்ள முரண்களைத் தீர்க்க இதைவிடப் பெரிய அமர்வு வேண்டும் என்று ஒன்பது பேருக்கு அனுப்பியது. ஐவர் சொன்னதை ஐவர் மாற்ற முடியாது என்பதால்தான் பெரிய அமர்வு.

2007 ஜனவரி 11

தலைமை நீதிபதி ஒய்.கே. சபர்வால் தலைமையில் ஒன்பது பேரும் ஒரே குரலில் தீர்ப்பளித்தார்கள். அதன் சாரம் இது.

31-பி செல்லும். ஒன்பதாவது அட்டவணையும் இருக்கும். ஆனால் அது தரும் பாதுகாப்பு கண்ணை மூடிக்கொண்டு தருவது அல்ல. 1973 ஏப்ரல் 24 அன்றோ அதற்குப் பிறகோ அட்டவணையில் ஏறிய ஒவ்வொரு சட்டமும், 21-வது உறுப்போடு (உயிரும் தனிமனித சுதந்திரமும்) 14 (சமத்துவம்), 19 (பேச்சு, தொழில் போன்ற சுதந்திரங்கள்) ஆகியவற்றைச் சேர்த்துப் படித்தால் தெரியும் அடிப்படைக் கூறுகளை உரைகல்லாக வைத்து அளக்கப்படும்.

அளக்கும் முறையில்தான் தீர்ப்பின் கனம் இருக்கிறது. திருத்தத்தின் நோக்கம் என்ன, வடிவம் என்ன என்று மட்டும் பார்க்காதே. மனிதனின் உரிமையில் அது உண்டாக்கும் விளைவைப் பார் என்றார்கள். முதலில், அட்டவணை என்ற திரையை விலக்கிவிட்டுச் சட்டம் எந்த அடிப்படை உரிமையில் கைவைக்கிறது என்று கண்டுபிடி. பிறகு அந்தக் காயம் எவ்வளவு ஆழம் என்று பார். உரிமையின் சாரத்தையே அது அழிக்கிறதா, அழித்தால் அரசியலமைப்பின் அடையாளமே மாறிப்போகிறதா என்று கேள். முதல் கேள்விக்கு ‘ஆம்’ வந்தாலே சட்டம் விழுந்துவிடாது. இரண்டாவதற்கும் ‘ஆம்’ வரவேண்டும். தீர்ப்பின் முடிவுரையே அப்படித்தான் தொடங்குகிறது: அரசியலமைப்பின் மூன்றாம் பகுதியில் உள்ள அடிப்படை உரிமையைக் குறைக்கும் சட்டம் அடிப்படைக் கட்டமைப்பை மீறலாம், மீறாமலும் இருக்கலாம்.

மேலும் இரண்டு வரையறை போட்டார்கள். அட்டவணைச் சட்டம் ஒன்றை உச்ச நீதிமன்றம் ஏற்கெனவே செல்லும் என்று சொல்லியிருந்தால், இந்தத் தீர்ப்பைக் காட்டி அதை மறுபடி கிளற முடியாது. உரிமை மீறல் என்று தீர்ப்பான சட்டம் கோட்டுக்குப் பிறகு அட்டவணையில் ஏறியிருந்தால் தாக்கலாம். இந்த இரண்டாவது வாக்கியம் கூடலூருக்கென்றே எழுதியது போல இருக்கிறது. கடைசியாக, அந்தச் சட்டங்களின்படி முடிந்துபோன நடவடிக்கைகளையும் பரிமாற்றங்களையும் கிளறக்கூடாது என்றார்கள்.

கூடலூர்ச் சட்டம் செல்லுமா செல்லாதா? ஒன்பது பேரும் அதைச் சொல்லவில்லை. அளவுகோலைச் செய்து கொடுத்து, அளக்கும் வேலையை மூன்று நீதிபதிகளுக்கு விட்டுவிட்டார்கள்.

2010: அளந்து பார்த்தபோது

கிளன்ராக் எஸ்டேட் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் தலைமை நீதிபதி எஸ்.எச். கபாடியா தலைமையிலான மூன்று நீதிபதிகள் 2010 செப்டம்பரில் தீர்ப்பளித்தார்கள். கபாடியா கோயல்ஹோ அமர்விலும் இருந்தவர்.

எஸ்டேட் தரப்பின் வாதம் எளிமையானது, கேட்கும்போது வலுவானதும்கூட. காட்டை எடுத்துக்கொள்வது 14-வது உறுப்பை மீறுகிறது என்பது பால்மாடீஸிலேயே முடிந்த விஷயம். 14 அடிப்படைக் கட்டமைப்பின் பகுதி. ஆகவே 34-வது திருத்தம் அந்த அளவில் விழவேண்டும். நீதிமன்றம் இந்தச் சங்கிலியின் நடுக் கண்ணியை உடைத்தது. 14-ஐ மீறும் எல்லாமே கட்டமைப்பைக் குலைப்பதில்லை. ஒரு வகைப்படுத்தலில் உள்ள குறை, ஒரு சட்டத்தின் நியாயமின்மை போன்றவை சாதாரணச் சமத்துவ மீறல்கள். அரசியலமைப்பின் அடித்தளமாக நிற்கும் சமத்துவம் அவற்றைவிட மேலே உள்ள தத்துவம். அதை அசைத்தால்தான் திருத்தம் விழும். தனியார் காட்டைப் பொதுநலனுக்காக அரசு தன் கையில் வைத்துக்கொள்வது அந்த அடித்தளத்தை அசைக்கவில்லை. 34-வது திருத்தம் நின்றது. ஜென்மச் சட்டத்தில் ‘காடு’ என்ற சொல்லும் நின்றது.

1969-ல் இயற்றிய சட்டத்துக்கு 2010-ல் முழு விடை. 41 ஆண்டு. நீதிமன்றக் கடிவாளத்தைப் பற்றிப் பேசும்போது இந்தக் காலக்கணக்கை மறைக்கக்கூடாது. இவ்வளவு காலமும் நிலம் யாருடையது என்பது தொங்கலில் கிடந்தது. காடு வெட்டப்பட்டது, தோட்டங்கள் கைமாறின, குடியேற்றம் நடந்தது. காட்டுநாயக்கர், பணியர், குறும்பர் ஆகிய பழங்குடியினர் எல்லாம் அந்தக் காட்டிலேயே வாழ்ந்துகொண்டிருந்தார்கள். வழக்குத் தலைப்பில் அவர்களில் ஒருவர் பெயரும் இல்லை.

இதே காட்டிலிருந்து இன்னொரு பெருவழக்கும் புறப்பட்டது. நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு, கூடலூர்ப் பகுதியில் மரம் வெட்டப்படுவதை எதிர்த்து 1995-ல் உச்ச நீதிமன்றத்தில் மனுப் போட்டார். 1996 டிசம்பர் 12 உத்தரவில், யாருக்குச் சொந்தமாக இருந்தாலும் அகராதிப் பொருளில் காடாக இருப்பது காடுதான் என்று நீதிமன்றம் சொன்னது. 2023-ல் நாடாளுமன்றம் வனப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி அந்த வரையறையைச் சுருக்கியது. அந்தத் திருத்தத்தை எதிர்க்கும் வழக்கில் 2024 பிப்ரவரி 19-ல் உச்ச நீதிமன்றம், முடிவு வரும்வரை 1996-ன் பொருளையே பின்பற்றச் சொல்லி இடைக்கால உத்தரவிட்டது. சட்டமியற்றுவோரும் நீதிமன்றமும் ஒரே சொல்லை மாறி மாறித் திருத்தி எழுதும் வேலை இந்த மலையில் இன்னும் ஓயவில்லை.

அட்டவணைச் சட்டத்தை எதிர்ப்பவர் பார்க்கவேண்டியவை

முதலில் தேதி. சட்டம் எந்தத் திருத்தத்தால், எந்த நாளில் அட்டவணையில் ஏறியது? 1973 ஏப்ரல் 24-க்கு முன் என்றால் கோயல்ஹோ உதவாது. ஆனால் அங்கேயே நின்றுவிடக்கூடாது. மூலச் சட்டம் ஏறியிருக்கும், அதற்குப் பின்னால் சட்டமன்றம் செய்த திருத்தச் சட்டம் ஏறியிருக்காது. அட்டவணையில் தனியாகச் சேர்க்கப்படாத பிந்தைய திருத்தத்துக்கு 31-பி நிழல் கிடையாது என்பது கோதாவரி சுகர் மில்ஸ் வழக்கிலிருந்தே (1975) நிலையான சட்டம். உங்களைப் பாதிக்கும் வாசகம் மூலச் சட்டத்திலா, திருத்தத்திலா என்று அரசிதழை வைத்து வரிவரியாக ஒப்பிடவேண்டும். இந்த வேலையைச் செய்யாமல் அடிப்படைக் கட்டமைப்பு என்று பத்துப் பக்கம் எழுதிய மனுக்கள் வீணாகியிருக்கின்றன.

இரண்டாவது, சட்டம் முன்பே உச்ச நீதிமன்றத்தில் நின்றிருக்கிறதா என்பது. நின்றிருந்தால் அந்தக் கதவு மூடியதே.

மூன்றாவது, எந்த உரிமை. சொத்துரிமை 44-வது திருத்தத்தோடு 1979-ல் மூன்றாம் பகுதியை விட்டு வெளியேறிவிட்டது. இன்று அது 300-ஏ உறுப்பில் உள்ள, அடிப்படை உரிமை அல்லாத ஓர் உரிமை. நிலம் போகிறது என்ற ஒன்றை மட்டும் வைத்து அட்டவணைச் சட்டத்தைத் தாக்கினால் கோயல்ஹோவின் முதல் படியிலேயே கால் வழுக்கும். பிழைப்பு, இருப்பிடம், சமத்துவம் ஆகியவற்றில் என்ன விளைவு என்பதை ஆவணத்தோடு காட்டவேண்டும். கிளன்ராக் காட்டும் பாடம், ‘14 மீறல்’ என்ற சொல்லோடு நிறுத்தினால் தோல்விதான் என்பது. அடித்தளம் எப்படி அசைகிறது என்பதைக் காட்ட முடியாததே அங்கே நடந்தது. சட்டமியற்றியவர்களின் கெட்ட எண்ணத்தை விவரித்துப் பக்கங்களை நிரப்புவதும் வீண். நீதிமன்றம் பார்ப்பது விளைவை.

நான்காவது, முழுச் சட்டத்தையும் செல்லாததாக்கக் கேட்கும் ஆசை. காயம் எந்தப் பிரிவால் வந்ததோ அதை மட்டும் கேட்பதே வலு. பால்மாடீஸில் வென்றவர்கள் வென்றது ஒரே ஒரு சொல்லில்.

இதே கணக்கை 69 சதவீத இடஒதுக்கீட்டுக்கும் போட்டுப் பார்க்கலாம். தமிழ்நாட்டின் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் 76-வது திருத்தத்தால் அட்டவணையில் 257-ஏ என்ற எண்ணில் இருக்கிறது. கோட்டுக்குப் பின்னால் ஏறியது. ஆகவே சோதனைக்கு உட்பட்டது. சோதனைக்கு உட்பட்டதாலேயே விழும் என்று பொருளில்லை. சமத்துவத்தின் அடித்தளத்தை அது அசைக்கிறதா, இல்லை அந்த அடித்தளத்தையே நிறைவேற்றுகிறதா என்று வாதாட இடம் இருக்கிறது. கிளன்ராக் தீர்ப்பு இந்த விஷயத்தில் தமிழ்நாட்டுக்குக் கைகொடுக்கும் கருவி என்றே தோன்றுகிறது. பீகாரில் 65 சதவீத இடஒதுக்கீட்டுச் சட்டத்தை 2024 ஜூனில் பாட்னா உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோது, ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்துவிட்டால் தீர்ந்தது என்ற குரல் எழுந்தது. 2007-க்கு முன்னால் அது ஏறக்குறைய ஒரு பூட்டு. இன்று அது வழக்கை அடுத்த கட்டத்துக்குத் தள்ளும் ஏற்பாடு மட்டுமே. அரசு தரவுகளோடு தன் தரப்பை நிறுவவேண்டிய சுமை அப்படியே இருக்கும்.

கூடலூரில் செக்‌ஷன் 17 நிலத்தில் குடியிருப்பவருக்கு இந்தப் பெருவழக்கில் என்ன இருக்கிறது? அட்டவணை பாதுகாப்பது சட்டத்தையும் அதன் பிரிவுகளையும். அந்தச் சட்டத்தின் பெயரில் ஒரு அதிகாரி போடும் உத்தரவை அது பாதுகாப்பதில்லை. 8, 9, 10-வது பிரிவுப் பட்டா மனுவைக் காரணம் சொல்லாமல் தள்ளியிருந்தாலும், கேட்காமலே வெளியேறச் சொல்லியிருந்தாலும், சட்டம் கொடுக்காத அதிகாரத்தை எடுத்துக்கொண்டிருந்தாலும், அதைச் சாதாரண ரிட் மனுவில் சென்னை உயர் நீதிமன்றத்தில் கேட்கலாம். அதற்கு அடிப்படைக் கட்டமைப்பு வேண்டாம், ஒன்பது நீதிபதிகள் வேண்டாம். வேண்டியவை வேறு. சர்வே எண் எந்தப் பிரிவின் கீழ் முடிவானது என்ற நிலவரித் திட்ட அலுவலரின் உத்தரவு நகல், குடியிருப்பின் தொடக்கத்தைக் காட்டும் வரி ரசீது, குடும்ப அட்டை, பள்ளிச் சான்று, தாயகம் திரும்பியவர் என்றால் அதற்கான குடும்ப அட்டை, கொடுத்த மனுக்களுக்கெல்லாம் பெற்ற ஒப்புகை. பட்டியலினப் பழங்குடியினருக்கும் காட்டை நம்பி வாழும் மற்றவர்களுக்கும் 2006 வன உரிமைச் சட்டம் தனி வழி. கிராமசபையில் கொடுக்கும் மனுவிலிருந்து அது தொடங்குகிறது. ஜென்மச் சட்டம் அட்டவணையில் இருப்பது அந்த மனுவுக்குத் தடையில்லை.